லேசான சந்தேகம்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம், ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். அம்மாவின் கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. எங்கள் வீட்டில் இங்கிலீஷில் எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். நான் டாக்டர் இல்லை, மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவன். வங்கிப் படிவம், கம்பெனி சுற்றறிக்கை, மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாள், எல்லாவற்றையும் தமிழாக்கிக் கொடுத்துக் காசு வாங்குகிறவன். இங்கிலீஷ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று சொந்தத்துக்குள் ஒரு பேர்.

அம்மா அடுப்படியில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். "என்னப்பா போட்டிருக்கான்?" என்றாள், திரும்பாமலே.

தைராய்டில் வலது பக்கம் ஒரு கட்டி, 1.8 சென்டிமீட்டர். அதற்குக் கீழே நாலைந்து வரி அளவுகள். கடைசியில் தடித்த எழுத்தில் இரண்டே சொல்: மைல்ட்லி சஸ்பிஷஸ்.

"லேசா சந்தேகமா இருக்குன்னு போட்டிருக்கும்மா."

"யாரு மேல?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. சந்தேகம் என்றால் யாராவது யார் மேலாவது படுவதுதானே. கேட்டுவிட்டு அவளாகவே கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி இரண்டு தடவை எழுந்து தண்ணீர் குடித்த சத்தம் கேட்டது. நானும் தூங்கவில்லை என்பதால் எனக்குக் கேட்டது.

மறுநாள் காலையில்தான் அந்த இரண்டு சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனேன். முந்தின நாளே போயிருக்க வேண்டும். தைராய்டு கட்டிகளைத் தரம் பிரிக்க அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி 2017இல் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தது. டைராட்ஸ் என்று பெயர். கட்டி திடமாக இருந்தால் இரண்டு மார்க், ஸ்கேனில் சுற்றியுள்ள சதையைப் போலவே தெரிந்தால் ஒரு மார்க், அகலத்தைவிட உயரம் கூடுதலாக இருந்தால் மூன்று மார்க் என்று கூட்டிக்கொண்டே போவார்கள். மூன்று மார்க் வந்தால் அது மூன்றாம் வகை. அந்த வகைக்கு வைத்திருக்கும் பெயர்தான் மைல்ட்லி சஸ்பிஷஸ். நான்கிலிருந்து ஆறு வரை வாங்கினால் நடுத்தர சந்தேகம், ஏழும் அதற்கு மேலும் பலத்த சந்தேகம். மூன்றாம் வகைக் கட்டி புற்றாக இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அந்த வகையில் 2.5 சென்டிமீட்டர் வந்தால்தான் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பார்கள். ஒன்றரைக்கு மேல் என்றால் ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன், அவ்வளவுதான்.

ஆக, அந்த ரிப்போர்ட்டை எழுதியவர் சந்தேகப்பட்டு அப்படி எழுதவில்லை. கூட்டிப் பார்த்தார், மூன்று வந்தது, மூன்றுக்கு நேராக இருந்த பெயரை எழுதினார். நான் அந்தப் பெயரைப் பிடித்து ஒரு மனிதரின் மனநிலையாக மொழிபெயர்த்துவிட்டேன். தமிழில் சந்தேகத்துக்கு இரண்டு வேலை உண்டு. வகுப்பில் பையன் கையைத் தூக்கிக் கேட்பதும் சந்தேகம்தான், போலீஸ்காரர் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போவதும் சந்தேகத்தின் பேரில்தான். அம்மாவுக்கு எது பிடிபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லேசான என்று முன்னால் ஒட்டினால் கனம் குறையும் என்று நினைத்தேன். லேசாக நெஞ்சு வலிக்கிறது என்றால் யாராவது நிம்மதியாக இருப்பார்களா?

பொதுவாகவே இந்த ரிப்போர்ட் இங்கிலீஷ் ஒரு தனி ஜாதி. பாசிட்டிவ் என்றால் கெட்ட செய்தி என்பதைக் கொரோனா எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டது. அன்ரிமார்க்கபிள் என்று எழுதியிருந்தால் சந்தோஷப்பட வேண்டும், சொல்லும்படி ஒன்றும் இல்லை என்று அர்த்தம். என் பெரியப்பா ஒருவர் கல்லீரல் கிராஸ்லி நார்மல் என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, கிராஸ் என்றால் அருவருப்பு என்று பேத்தி சொல்லியிருந்த ஞாபகத்தில், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். மேலோட்டமாகப் பார்த்தவரையில் சரியாக இருக்கிறது என்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள்.

அதன் பிறகு எனக்கு ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. கவலையை, கலக்கத்தை, பயத்தைக் கிளப்பும் விஷயங்களைச் சொல்ல இங்கிலீஷில் இருக்கும் சொற்களைச் சேர்த்துவைக்கத் தொடங்கினேன். அகராதியைப் பிரித்தால் பாதிக்கு மேல் கவலை தரும், கவலைக்குரிய, மன அமைதியைக் குலைக்கும் என்றே போட்டிருக்கிறது. பத்துச் சொல்லுக்கு ஒரே தராசுக் கல். ஆனால் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் வந்த வழி வேறு.

வொரி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இங்கிலீஷில் அதற்குக் கழுத்தை நெரிப்பது என்று பொருள். அப்புறம் நாயும் ஓநாயும் ஆட்டின் குரல்வளையைக் கவ்விக் குதறுவதற்கு அது பெயரானது. பிறகுதான் ஒருவரை ஓயாமல் தொந்தரவு செய்வது, கடைசியாக மனசுக்குள்ளேயே நொந்துகொள்வது என்று வந்து சேர்ந்தது. பழைய பொருள் இன்னும் சாகவில்லை. இங்கிலாந்தில் 1953ஆம் வருடச் சட்டம் ஒன்று, கால்நடையை நாய் வொரி செய்தால் நாயை வைத்திருப்பவர் குற்றவாளி என்கிறது. கிராமப்புறப் பலகைகளிலும் அந்தச் சொல்லைப் பார்க்கலாம். அகராதியை நம்பி மொழிபெயர்த்தால், ஆட்டுக்குக் கவலை கொடுக்கும் நாய்களைப் பற்றிய சட்டம் என்று வரும்.

ஆங்ஷியஸ் வந்ததும் இதே கழுத்து வழியாகத்தான். லத்தீனில் ஆங்கெரே என்றால் இறுக்குவது, மூச்சைத் திணறவைப்பது. நெஞ்சைப் பிடிக்கும் ஆஞ்சைனாவும் அதே குடும்பம். (நம் அங்கலாய்ப்புக்கும் இதற்கும் உறவு கிடையாது, யாரும் கிளம்பிவிட வேண்டாம்.) கடன் கழுத்தை நெரிக்கிறது என்று நாம் சொல்வதற்கு எந்த லத்தீனும் தேவைப்படவில்லை. தொண்டையில் தைராய்டு கட்டியோடு ஒருத்தி பக்கத்து அறையில் படுத்திருக்கும்போது இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டிஸ்டர்ப். அதுவும் ட்ரபிளும் பெர்டர்பும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. கலவரம், கூட்டம், குழப்பம் என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. குடிநீர் வாரியத்தில் தண்ணீரின் கலங்கலை அளப்பதற்கு டர்பிடிட்டி என்பார்கள், அதுவும் அதே வேர்தான். இதைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. கலக்கம் என்று நாம் சொல்வதும் அதைத்தானே. கண்மாய்க்குப் புதுத் தண்ணீர் வரும்போது அடியில் படிந்து கிடந்த மண்ணெல்லாம் கிளம்பி மேலே வருகிறதே, அதுதான் கலங்கல், அதுதான் மனக்கலக்கம். டிஸ்டர்பிங் என்ற சொல்லுக்கு மன அமைதியைக் குலைக்கும் என்று இத்தனை வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். கலங்கடிக்கும் என்று பக்கத்திலேயே ஒரு சொல் உட்கார்ந்திருந்தது.

இதேபோல் ஹாரோயிங். மனதைப் பிளக்கும் அனுபவம், கொடூரமான நினைவு என்றெல்லாம் எழுதுவோம். ஹாரோ என்பது ஒரு விவசாயக் கருவி. உழுத நிலத்தில் கட்டிகளை உடைக்கப் பற்கள் வைத்து இழுப்பது, நம் பலுகு. நெஞ்சின் மேல் பலுகு ஓட்டியதுபோல என்று நினைத்துப் பாருங்கள். ஸ்க்ரூப்பிள் என்ற சொல் லத்தீனில் கூரான சிறு கல். அது செருப்புக்குள் புகுந்துகொண்டால் எப்படியிருக்கும், அதுதான் மனசாட்சியின் தொந்தரவு. நமக்கு அது கண்ணில் விழுந்த தூசி: உறுத்தல். விரலுக்கு அடியில் தட்டுப்படும் மணல்: நெருடல். சொந்தமில்லாத இரண்டு மொழிகள் ஒரே பொடிக்கல்லை மிதித்திருக்கின்றன.

அலார்மிங்கில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. இத்தாலியில் படைவீரர்களைப் பார்த்து ஆயுதத்தை எடு என்று கத்திய கூப்பாடு அது. இன்றைக்குக் காலை ஐந்தரைக்குத் தலைமாட்டில் அடிக்கிறது. சினிஸ்டர் என்றால் லத்தீனில் இடது பக்கம். பீச்சாங்கையைப் பற்றி நம் ஊர் நினைப்பதும் அதே லட்சணம்தான்.

இவற்றைவிட வம்பான கூட்டம் ஒன்று இருக்கிறது: ஈரி, அன்கேனி, கிரீப்பி. பயப்படக் கண்முன்னால் எதுவும் இருக்காது, ஆனால் முதுகு சிலிர்க்கும். 2016இல் அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் மெக்கேண்ட்ரூ என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய மாணவியும் 1,341 பேரிடம் கேட்டு, எப்படிப்பட்ட ஆட்கள் கிரீப்பி என்று ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தொழில்களில் முதலிடம் பிடித்தவர் சர்க்கஸ் கோமாளி. அவர்கள் சொல்லும் காரணம்தான் முக்கியம். கத்தியோடு நிற்பவனைப் பார்த்தால் ஓடிவிடலாம், அது பயம். இவன் ஆபத்தானவனா இல்லையா என்றே தெரியாமல் நிற்கும்போது வருவதுதான் இந்த உணர்ச்சி. ஓடவும் முடியாது, உட்காரவும் முடியாது.

இதற்குத் தமிழில் என்ன? அமானுஷ்யம் என்று எழுதினால் பேய்க்கதை ஆகிவிடும். திகில் என்றால் சினிமா போஸ்டர். பேச்சில் நம்மிடம் அச்சு அசலான சொல் இருக்கிறது: ஒரு மாதிரி. அந்த வீட்டுக்குள்ள போனாலே ஒரு மாதிரியா இருக்கு. அந்த ஆள் பார்வையே ஒரு மாதிரி. என்ன மாதிரி என்று சொல்லத் தெரிந்துவிட்டால் அது அந்த மாதிரி இல்லை. ஆனால் இதை எழுத்தில் போட்டால் வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். கொச்சையாக இருக்கிறது என்று சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவார். அனுப்பியிருக்கிறார்கள்.

ஒரு மாதிரியா இருக்கு என்பதில் இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு, எனக்குப் பயமா இருக்கு, எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. எல்லாவற்றிலும் எனக்கு என்று ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்றால்கூட அந்த வயிறு யாருடையதாவதுதான். இங்கிலீஷ்காரர்கள் ஒரு சொல்லின் வாலில் இங் என்று ஒட்டி, கவலையைப் பொருளின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். கவலைப்படுவது யார் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்த அறிக்கை வொரியிங், அந்தச் செய்தி அன்செட்லிங், அவ்வளவுதான், ஆளைக் காணோம். ஈரி என்ற ஸ்காட்லாந்துச் சொல்கூட ஆரம்பத்தில் பயந்துபோன ஆளைத்தான் குறித்தது. பிற்பாடு ஆளை விட்டுவிட்டுப் போய் அவன் நிற்கும் இடத்தின் மேல் ஏறிக்கொண்டது.

நமக்கும் மூலத்தின் மேல் கண் வைத்துப் பார்க்கத் தெரியாமல் இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அச்சம் எதனால் வரும் என்று நான்கைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. ஈரி வகையறா முழுவதையும் அணங்கில் போட்டுவிடலாம், ஆட்டைக் குதறும் நாயை விலங்கில். ஆனால் இதில் எங்கிருந்து பயம் வருகிறது என்பதுதான் கணக்கு, எத்தனை டிகிரி என்பது இல்லை. ரேடியாலஜிக்காரர்களுக்கு வேண்டியது டிகிரி.

டிகிரி என்றதும் கன்சர்ன் என்ற சொல் ஞாபகத்துக்கு வருகிறது. ஐக்கிய நாடுகள் அறிக்கைகளில் முதலில் வெறும் கன்சர்ன், பிறகு ஆழ்ந்த கன்சர்ன், அதற்கும் மேலே கடுமையான கன்சர்ன், அப்புறம்தான் கண்டனம். படிக்கட்டு மாதிரி. எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பது தூதர்களுக்குத் தெரியும். 2009இல் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது நம் செய்தித்தாள்களில் அது கவலை, ஆழ்ந்த கவலை என்று வந்துகொண்டே இருந்தது. இலங்கைப் பத்திரிகைகளில் கரிசனை என்று எழுதுவார்கள். மதுரைப் பக்கம் கரிசனம் என்றால் வீட்டுக்கு வந்தவருக்கு மோர் கொடுப்பது. நானே ஒரு கம்பெனிச் சுற்றறிக்கையில் கன்சர்னிங் இன்சிடெண்ட்ஸ் என்பதை, கவலைக்குரிய என்று எழுதாமல் சம்பவங்கள் தொடர்பாக என்று எழுதிவிட்டேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் இதில் கவலைக்குரிய சம்பவம்.

இதெல்லாம் சிரித்துக் கழிக்கக்கூடியது. சிரிக்க முடியாத ஒன்றும் நடந்திருக்கிறது.

1990 ஜனவரி 25. கொலம்பியாவின் பொகோட்டாவிலிருந்து மெடஜின் வழியாக நியூயார்க்குக்கு ஏவியாங்கா நிறுவனத்தின் 52ஆம் எண் விமானம் வருகிறது. பழைய போயிங் 707, உள்ளே 158 பேர். நியூயார்க்கில் மோசமான வானிலை. வழியில் மூன்று இடங்களில் வட்டமடித்துக் காத்திருக்கச் சொல்கிறார்கள், மொத்தம் ஒரு மணி பதினேழு நிமிடம். மூன்றாவது இடத்தில் வட்டமடிக்கும்போது துணை விமானி, எங்களுக்கு முன்னுரிமை வேண்டும், இன்னும் ஐந்து நிமிடம்தான் தாங்கும் என்கிறார். மாற்று விமான நிலையமான பாஸ்டனுக்குப் போகவும் இனி எரிபொருள் போதாது. அவர் பயன்படுத்திய இங்கிலீஷ் சொல் பிரையாரிட்டி. இறங்கப் பார்த்த முதல் முயற்சி தவறிப் போனதும், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும் சொல்கிறார். எமர்ஜென்சி என்று சொல்லு என்று கேப்டன் ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். துணை விமானி வாயிலிருந்து அந்த ஒரு சொல் மட்டும் கடைசிவரை வரவில்லை. இவ்வளவு தூரம் சுற்றி வந்தால் பரவாயில்லையா என்று தரையிலிருந்து கேட்கிறார்கள். பரவாயில்லை என்று நினைக்கிறேன், மிக்க நன்றி என்கிறார்.

லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற ஊரில் மரங்களுக்கு நடுவில் விழுந்தது விமானம். தீப்பிடிக்கவில்லை, தீப்பிடிக்க எரிபொருளே இல்லை. 73 பேர் இறந்தார்கள்.

தரையில் இருந்தவர்களுக்கு பிரையாரிட்டி என்பது சாதாரணச் சொல். எரிபொருள் குறைகிறது என்று அன்றைக்குப் பல விமானங்களும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். எமர்ஜென்சி என்றோ மேடே என்றோ காதில் விழுந்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வழிவிட்டிருப்பார்கள். விமானிகள் பக்கத்திலும் தப்பு இருந்தது, எரிபொருள் கணக்கைச் சரியாகப் பார்க்கவில்லை என்று விசாரணை அறிக்கையே சொல்கிறது. எனக்கு மறக்க முடியாதது அந்தத் துணை விமானியின் மிக்க நன்றிதான். இன்னொருவர் மொழியில் பேசும்போது நாமும் இப்படித்தான். குரலை உயர்த்தினால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று, இருப்பதிலேயே பதமான சொல்லைத் தேடி எடுக்கிறோம். சொல்லின் அர்த்தம் தெரியும். அதைக் கேட்டால் எதிராளி நாற்காலியை விட்டு எழுந்திருப்பாரா மாட்டாரா என்பது தெரியாது.

2012இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இதற்கு இரண்டே சொற்றொடர் வைத்தது. மினிமம் ஃப்யூயல் என்றால் இனிமேல் தாமதம் தாங்காது. மேடே ஃப்யூயல் என்றால் உயிர் போகிற அவசரம், மூன்று தடவை மேடே சொல்ல வேண்டும். மேடே என்பதே பிரெஞ்சில் எனக்கு உதவுங்கள் என்பதன் சிதைவுதான். நடுவில் ரொம்ப, லேசாக, ஓரளவு எதுவும் கிடையாது.

அதையும் டைராட்ஸையும் சேர்த்து யோசித்தால், இரண்டு பேரும் செய்திருப்பது ஒரே காரியம்தான். உணர்ச்சிக்கு இருந்த சொல்லைப் பிடுங்கி அதை ஒரு படிக்கட்டில் ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். விமானத்தில் அது நல்லதுதான், பேசுகிறவர், கேட்கிறவர் இரண்டு பேருக்கும் படிக்கட்டு தெரியும். ரிப்போர்ட்டில் எழுதுகிறவருக்கும் டாக்டருக்கும் தெரியும். ரிப்போர்ட் நேராக வாட்ஸ்அப்பில் என் அம்மா வீட்டுக்கு வரும் என்று 2017இல் அமெரிக்காவில் உட்கார்ந்து யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். மூன்றாம் வகை என்று மட்டும் எழுதியிருந்தால் நானும் மூன்றாம் வகை என்றே சொல்லியிருப்பேன். அம்மாவும் ஏதோ ரேஷன் கார்டு மாதிரி என்று நினைத்திருப்பாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டரிடம் போனோம். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. ரிப்போர்ட்டைப் புரட்டினார், அம்மாவின் கழுத்தைப் பிடித்து எச்சில் விழுங்கச் சொன்னார், மறுபடி உட்கார்ந்தார். "ஒரு கட்டி இருக்கும்மா. இப்போதைக்கு வம்பு பண்ற மாதிரி தெரியல. வச்சுப் பாத்துக்கலாம். அடுத்த வருஷம் இதே மாசம் ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றார்.

"சந்தேகம்னு இவன் சொன்னானே?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

வம்பு பண்ற மாதிரி தெரியல. அந்த மாதிரி என்ற சொல் அங்கே எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். முழு உத்தரவாதமும் கொடுக்கவில்லை, பயமுறுத்தவும் இல்லை, தான் பார்த்தது தன் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் சொல்கிறது. வருவது வரட்டும் என்று பேருந்தில் அம்மா ஜன்னலோரமாக உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். டாக்டர் சொன்னதைத் திருப்பி இங்கிலீஷில் எழுத வேண்டி வந்தால் எப்படி எழுதுவேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் அமையவில்லை.

அடுத்த ஆடியில் மறுபடி ஸ்கேன், மறுபடி வாட்ஸ்அப். 1.8 சென்டிமீட்டர் அப்படியே இருந்தது. குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. கீழே அதே தடித்த எழுத்து.

"என்னப்பா போட்டிருக்கான்?"

"வளரலையாம்மா. போன வருஷம் இருந்த மாதிரியே இருக்காம்."

"சந்தேகம்?"

"அதுவும் அப்படியே இருக்கு."

"சரி, இருந்துட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டு, ஊற வைத்த உளுந்தைக் கழுவ எழுந்து போனாள்.